ஆற்றங்கரையிலிருந்து சதுப்புக்கு

தண்ணீர் போன தடம் – 12

போன இதழில் 1923இல் நின்றோம். மாம்பலம் ஏரியை வற்றவைத்து, அந்தத் தரையில் தியாகராய நகருக்கு மனை பிரித்ததோடு அத்தியாயம் முடிந்தது. நீதிக்கட்சித் தலைவர்கள் பெயரில் தெருக்கள் வந்தன. ஏரிக்கு மிச்சமாக மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் நின்றது. அந்த வீடுகளுக்கு மண் சுமந்தவர்கள், பிறகு அதே வீடுகளில் பாத்திரம் துலக்கியவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்ற கேள்வியை அப்போது தள்ளிவைத்தேன். இந்த அத்தியாயம் அவர்களுடையது.

திட்டத்தில் அவர்களுக்கு மனை இல்லை. யாரும் விலை கேட்காத நிலம் எதுவோ அதுதான் அவர்களுக்குக் கிடைத்தது. கூவத்தின் கரை, அடையாற்றின் படுகை, பக்கிங்காம் கால்வாய் ஓரம், கடற்கரை மணல், தண்டவாளத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு இடுக்கு. வேலை பக்கத்தில், நிலம் பள்ளத்தில். வேலைக்காகப் பள்ளத்தைப் பொறுத்துக்கொண்டார்கள்.

அங்கே வருஷத்துக்கு இரண்டு கண்டம். கோடையில் தீ, ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம். தென்னங்கீற்றுக் கூரை, மூங்கில் பத்தை, மண் சுவர். ஒரு குடிசையின் சார்ப்பு அடுத்த குடிசையின் சார்ப்பை இடிக்கும். பங்குனி வெயிலில் காய்ந்து முறுகிக் கிடக்கும் கீற்றுக்கு ஒரு சிம்னி விளக்கு சாய்ந்தால் போதும், தெருவே போய்விடும். மழைக்காலத்தில் ஆறு ஏறத் தொடங்கியதும் தகரப் பெட்டிக்குக் கீழே செங்கல் வைப்பார்கள். ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ், அடகுச் சீட்டு எல்லாம் அந்தப் பெட்டிக்குள். செங்கலையும் தாண்டித் தண்ணீர் வந்தால் பெட்டி தலைக்கு ஏறும். குடும்பம் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துக்குப் போகும். இரண்டு மூன்று நாள் சோற்றுப் பொட்டலம். தண்ணீர் வடிந்ததும் அதே இடத்தில் புதுக் கீற்று.

1967இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோது குடிசைகள் அடுத்தடுத்து எரிந்துகொண்டிருந்தன. தீப்பிடிக்காத வீடுகள் கட்டித் தருவதென்று அண்ணாவின் அரசு ஒரு திட்டம் போட்டது. குடிசைவாசிக்கு அரசு வீடு என்ற பேச்சு அதற்கு முன்பும் இருந்ததுதான். 1956இல் மத்திய அரசு ஒரு குடிசைப் பகுதிச் சட்டமே போட்டிருந்தது. ஆனால் சென்னையில் அது அரசியலின் நடுவே வந்து உட்கார்ந்தது இந்தக் காலத்தில்தான். காரணம் வெளிப்படை. குடிசைப் பகுதி என்றால் மன்றம், கொடி, படிப்பகம், ஓட்டு.

1970 செப்டம்பரில், கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் பிறந்தது. அடுத்த ஆண்டே அதற்கென்று தனிச் சட்டம். வாரியத்தின் முதல் தலைவர் இராம. அரங்கண்ணல், கழகத்து எழுத்தாளர். ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்ற அண்ணாவின் வாசகத்தை வாரியம் தன் முழக்கமாக எடுத்துக்கொண்டது. 1971இல் கணக்கெடுத்தார்கள். சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள், சுமார் 1.64 லட்சம் குடும்பங்கள், ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். நகரத்தில் ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். இத்தனை பேருக்கும் ஏழே ஆண்டுகளில் மாடி வீடு என்று அறிவித்தார்கள். எந்த நிதி அமைச்சரும் அந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தால் தலையில் கை வைத்திருப்பார்.

ஆனால் அந்த அறிவிப்புக்குள் ஒரு முடிவு இருந்தது. ஏழு ஆண்டு என்ற கனவைக் காட்டிலும் அதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். குடிசை எங்கே இருக்கிறதோ, கூடுமானவரை அங்கேயே மாடி. இந்தத் தொடருக்காகப் பழைய திட்டங்களைப் புரட்டும்போது இவ்வளவு எளிமையான கொள்கை வேறெங்கும் அகப்படவில்லை.

அந்த வீடுகளை இன்றும் பார்க்கலாம். சென்னைவாசிகள் எல்லாவற்றையும் ‘ஹவுசிங் போர்டு’ என்றே சொல்வார்கள். வீட்டுவசதி வாரியம் வேறு, குடிசை மாற்று வாரியம் வேறு என்பது அதிகாரிகளுக்கு மட்டும் தெரிந்த வித்தியாசம். தரைத்தளமும் மேலே மூன்று மாடியும். ஓர் அறை, ஒரு மூலையில் அடுப்படி, பின்னால் தண்ணீர் புழங்க ஒரு மறைப்பு, எல்லாம் சேர்த்து 200 சொச்சம் சதுர அடி. குடும்பம் பெருகியதும் தாழ்வாரத்தில் ஒரு தடுப்பு, படிக்கட்டுக்கு அடியில் ஒரு இட்லிக் கடை. சுவர் ஓதம் காக்கும். குழாயில் தண்ணீர் வராது. வந்தால் இரவு இரண்டு மணிக்கு வரும். கட்டியதோடு வாரியத்தின் கடமை முடிந்தது, பராமரிப்பு என்ற சொல் பட்ஜெட்டில் மட்டும் இருந்தது. மீனவக் குப்பங்களில் இன்னொரு சிக்கல். நொச்சிக்குப்பத்தில் மாடி வீடு வந்தபோது வலையையும் கட்டுமரத்தையும் எந்த மாடிக்கு ஏற்றுவது என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

இத்தனை குறைக்குப் பிறகும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கான்கிரீட் கூரை தீக்கண்டத்தைத் தீர்த்தது. மாடி, வெள்ளக் கண்டத்தைப் பாதியாவது குறைத்தது. ஆறு உள்ளே வந்தால் தரைத்தளத்துக்காரர் பெட்டியோடு மேல்வீட்டுக்கு ஏறிக்கொள்ளலாம். வேலைக்கு நடந்தே போகலாம், பிள்ளை அதே பள்ளிக்கூடத்தில் படிக்கலாம். பேரிடர் மேலாண்மை என்று இன்று கருத்தரங்கம் போட்டுச் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். அரசியல்வாதி ஓட்டுக்காகச் செய்தான் என்பார்கள். ஆமாம், ஓட்டுக்காகத்தான். வாக்காளனை அவன் வாக்குச்சாவடியிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளிக் குடிவைக்க எந்தக் கட்சிக்கும் மனம் வராது. அந்தச் சுயநலம் நகரத்துக்கு நல்லதாக முடிந்தது.

1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 25ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாறு கோட்டூர்புரத்துக்குள் புகுந்தது. அங்கே மூழ்கியது குடிசைகள் மட்டுமல்ல, வீட்டுவசதி வாரியம் முறைப்படி கட்டிக்கொடுத்த அடுக்கு வீடுகளும்தான். ஆற்றின் வெள்ளச் சமவெளியில் அரசே மனை போட்டிருந்தது. அந்தச் செய்தி யார் காதிலும் ஏறவில்லை. அடுத்த ஆண்டுகளில் இதே வாரியம் முகப்பேரில் ‘ஏரித் திட்டம்’ என்று பெயரே வைத்து மனை விற்றது. நுங்கம்பாக்கம் ஏரித் தரையில் வள்ளுவர் கோட்டம் எழுந்ததும் அதே 1976இல்தான்.

1977இல் உலக வங்கி வந்தது.

வங்கிக்குக் குடிசை மாற்று வாரியத்தின் மாடி வீடுகள் பிடிக்கவில்லை. செலவு அதிகம், திரும்பி வரும் பணம் சொற்பம், இந்த வேகத்தில் போனால் நூறு வருஷம் ஆனாலும் 1,202 பகுதிகள் தீராது என்பது வங்கியின் வாதம். கணக்கு தப்பில்லை. அதற்குப் பதிலாக இரண்டு வழி சொன்னது. ஒன்று, புறநகரில் சின்னச் சின்ன மனைகள் பிரித்து, சாலை, குழாய், கழிப்பிடம் போட்டுத் தவணைக்குக் கொடுப்பது. வீட்டை அவரவர் வசதிப்படி கட்டிக்கொள்ளட்டும். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் இப்படி உருவானவை, பின்னால் முகப்பேர். இன்னொன்று, இருக்கிற குடிசைப் பகுதிக்கே தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் கொடுத்து, மனையை அவர்கள் பேரில் எழுதித் தருவது.

முதல் வழியை அந்தக் காலத்தில் தோல்வி என்று எழுதினார்கள். மனைகள் காலியாகக் கிடந்தன, தவணை பாக்கி நின்றது. பல வருஷம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள் வியந்துபோனார்கள். ஏழையும் நடுத்தரமும் கலந்து வாழும், கடைகண்ணி உள்ள, நல்ல குடியிருப்புகளாக அவை வளர்ந்திருந்தன. திட்டத்தை மூன்றாம் வருஷத்தில் மதிப்பிடுவது நம் ஊர் வழக்கம்.

இரண்டாம் வழியில்தான் இந்தக் கதையின் திருப்பம் இருக்கிறது. எல்லாக் குடிசைப் பகுதிக்கும் மனை எழுதித் தர முடியாது. நிலம் ‘ஆட்சேபணையற்ற புறம்போக்கு’ என்றால் சரி. ஆற்றுப் புறம்போக்கு, கால்வாய் ஓரம், சாலை ஓரம் என்றால் அது ‘ஆட்சேபணைக்குரியது’. அங்கே குழாயும் இல்லை, பட்டாவும் இல்லை. மேட்டில் இருந்தவர்கள் மெல்ல மெல்லக் குடிமக்கள் ஆனார்கள். பள்ளத்தில் இருந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். யாரை வெள்ளம் அதிகம் தாக்குமோ அவர்களுக்குத்தான் சட்டப்படி எதுவும் செய்ய முடியாது என்ற நிலை. வாரியத்தின் மாடி வீட்டுக் கொள்கைக்கும் வங்கியின் கொள்கைக்கும் நடந்த இழுபறியை 2011இல் நித்யா ராமன் விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

1985இல் பள்ளத்து மக்களின் கதை நீதிமன்றத்துக்கும் தெருவுக்கும் ஒரே சமயத்தில் வந்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பம்பாய் நடைபாதைவாசிகளின் புகழ்பெற்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையின் பகுதி, ஆனாலும் முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்பது அதன் சாரம். மழைக்காலம் முடியும்வரை, அதாவது அக்டோபர் 31 வரை, கை வைக்கக் கூடாது என்றும் சொன்னது. கூடவே முடிவான சென்னை வழக்கின் மனுதாரர் கே. சந்துரு, அன்று வழக்கறிஞர், பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதி. அந்த வழக்கில் நீதிமன்றம், குடிசை மக்கள் மீது தமிழக அரசு காட்டிவந்த அக்கறை தொடரும் என்று நம்பிக்கை தெரிவித்தது. நான்கு மாதம்கூட ஆகவில்லை. மெரினாவை அழகுபடுத்துவதென்று எம்.ஜி.ஆர். அரசு நொச்சிக்குப்பத்துக் கட்டுமரங்களை அகற்றப் போக, மோதலாகி, நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்தார்கள்.

அதன் பிறகு நிலத்தின் விலை பேசத் தொடங்கியது. தொண்ணூறுகளில் நகரத்துக்குள் ஒரு கிரவுண்டு கோடியை நோக்கி நகர்ந்தபோது, ஆற்றங்கரை யாரும் விலை கேட்காத நிலமாக இல்லை. பறக்கும் ரயில் வந்தது. அதன் தூண்களைப் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். கால்வாய் ஓரத்துக் குடிசை நீரோட்டத்துக்கு இடைஞ்சல், கால்வாய்க்குள் நின்ற தூண் வளர்ச்சி.

குடிசைகளைத் தூக்கி எங்கே வைப்பது? தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையில், ஒக்கியம் துரைப்பாக்கத்தில் அரசுக்கு நிலம் இருந்தது. 2000 வாக்கில் அங்கே கண்ணகி நகர் எழுந்தது. படிப்படியாக 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு திட்டத்தின் பணம். அவற்றில் ஒன்றின் பெயர் வெள்ளத் தணிப்புத் திட்டம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நிலத்தைப் பார்க்க வேண்டும். தாம்பரம், மாடம்பாக்கம், செம்பாக்கம், நாராயணபுரம் என்று தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்று வழிந்து கடைசியில் வந்து விழும் இடம் பள்ளிக்கரணை சதுப்பு. அங்கே தண்ணீர் பரந்து நிற்கும், கொஞ்சம் தரைக்குள் இறங்கும், மிச்சம் ஒக்கியம் மடுவு என்ற குறுகிய வாய் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து தெற்கே கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடும். சரிவு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. கடல் ஏற்றத்தில் இருந்தால் தண்ணீர் போகாது, வந்த வழியே பின்வாங்கித் தேங்கும். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்த சதுப்பு. அதன் மீது மாநகராட்சி குப்பையைக் கொட்டியது, நடுவே சாலை போட்டார்கள், மென்பொருள் நிறுவனங்கள் வந்தன. கடல் தொழில்நுட்பத்தையும் காற்றாலையையும் ஆராயும் மத்திய அரசு நிறுவனங்கள்கூடச் சதுப்பின் விளிம்பில்தான் உட்கார்ந்தன. 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது, அப்போது மிஞ்சியிருந்த பகுதிக்குக் கிடைத்த கௌரவம்.

கண்ணகி நகர் இந்த மடுவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்து வந்த செம்மஞ்சேரி இன்னும் தெற்கே. அங்கே 6,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீடிழந்த கரையோரக் குடும்பங்கள் பலவற்றையும் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். கடலுக்குத் தப்பியவர்கள் ஏரித் தண்ணீருக்குள் வந்து இறங்கினார்கள். பிறகு பெரும்பாக்கம். நேரு பெயரிலான மத்திய நகர்ப்புறத் திட்டத்தில் எட்டு மாடி அடுக்குகள், 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். மூன்றும் சேர்ந்து ஒரு நடுத்தர நகரத்தின் மக்கள்தொகை. அதில் பணக்காரர் ஒருவரும் இல்லை, வேலை தரும் வீடு ஒன்றும் இல்லை. மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்த பெண் காலை ஆறரைக்கு வாசல் தெளிக்கப் போக வேண்டுமென்றால் நாலரைக்குப் பஸ் பிடிக்க வேண்டும். பஸ்ஸுக்குப் போகும் பணத்தைக் கழித்தால் கையில் இரண்டு வீட்டுச் சம்பளம். பலர் வேலையை விட்டார்கள். சிலர் அலாட்மெண்ட் வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்துக்குள் வாடகைக்குத் திரும்பினார்கள். ‘வீடு கொடுத்தாலும் விற்றுவிட்டு வந்துவிடுவார்கள்’ என்ற நம் பேச்சு அப்படித்தான் கிளம்பியது.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. ஏற்கெனவே நவம்பர் முழுக்கப் பெய்து எல்லா ஏரியும் தளும்பிக்கொண்டிருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். அடையாறு சைதாப்பேட்டையை, கோட்டூர்புரத்தை, ஜாபர்கான்பேட்டையை எடுத்துக்கொண்டது. இரண்டாம் ஓடுதளத்தை ஆற்றின் மேல் பாலமாகவே நீட்டியிருந்த மீனம்பாக்கம் விமான நிலையம் சில நாள் மூடிக் கிடந்தது. 2018இல் வந்த தணிக்கைத் துறை அறிக்கை, இது மனிதர் செய்த பேரிடர் என்றது. நீர்நிலைகளுக்குள் கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்ததையும், ஏரி நிர்வாகத்தையும் அது விரிவாகக் குறை சொன்னது.

அறிக்கை வருவதற்குக் காத்திராமல் அரசு ஒரு பரிகாரம் கண்டுபிடித்திருந்தது. அடையாற்றங்கரைக் குடிசைகளை அகற்றுவது. தண்ணீர் வடிந்த சில வாரங்களிலேயே கணக்கெடுப்பு, வாசலில் எண், டோக்கன், லாரி. கரையை விட்டு நகர்வது அவர்கள் உயிருக்கு நல்லது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அந்த இரவில் முதலில் செத்தவர்கள் கரையோரத்தில் இருந்தவர்கள்தான். ஆனால் லாரி போன இடம் பெரும்பாக்கம். அதே டிசம்பரில் பெரும்பாக்கத்தைச் சுற்றியும் தண்ணீர் நின்றிருந்தது. செம்மஞ்சேரிக்குள் தரைத்தள வீடுகளில் நின்றது. கூவத்தில் 14,000 குடும்பங்களுக்கு மேல் இதே பட்டியல். 2019 டிசம்பர் கடைசியில் தீவுத்திடல் பக்கம் சத்தியவாணி முத்து நகரை இடித்தபோது பள்ளிகளில் அரையாண்டுதான் முடிந்திருந்தது. முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன் உச்ச நீதிமன்றம் மழைக்காலத்தையாவது பார்த்தது. பரீட்சைக் காலத்தைப் பார்க்க யாரும் இல்லை.

செம்மஞ்சேரி 2020இல் நிவர் புயலின்போது மூழ்கியது. 2021இல் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி எல்லாமே தீவுகள். எட்டாவது மாடியில் இருப்பவர் வீட்டுக்குள் தண்ணீர் வராது, உண்மை. மின்சாரம் போய், லிப்ட் நின்று, மோட்டார் ஓடாமல், குடிநீர்க் குடத்தைப் படியேறித் தூக்குவது யார் என்பதைத் திட்ட வரைபடம் சொல்லாது. ஆற்றங்கரையில் வெள்ளம் இரண்டு நாளில் வடிந்துவிடும். சதுப்பில் வடிய ஒரு வாரம் ஆகும்.

இதற்கிடையே வாரியத்தின் பழைய மாடிக் கட்டடங்களுக்கு வயதாகிவிட்டது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் குடியிருப்பு ஒன்று சரிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்துக் குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அந்த ஆண்டுதான் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியிருந்தது. பழைய கட்டடங்களை இடித்து, அதே இடத்தில் இன்னும் உயரமாகக் கட்டும் வேலை இப்போது பல இடங்களில் நடக்கிறது. கட்டி முடியும்வரை வெளியே வாடகைக்கு இருக்கும் குடும்பங்களுக்குக் கருணைத் தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்ந்தது. சென்னை வாடகைக்கு அது சில மாதம் தாங்கும், கட்டுமானம் அதற்குள் முடிவதில்லை.

ஆனாலும் அவர்கள் சாவியோடு காத்திருக்கிறார்கள், திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையோடு. 1970களில் அவர்கள் தாத்தா பாட்டிக்குக் கிடைத்த ஒதுக்கீட்டு ஆணைதான் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம். பெரும்பாக்கத்துக்குப் போனவர்கள் கையிலும் ஒதுக்கீட்டு ஆணை இருக்கிறது. வித்தியாசம் முகவரியில்.

அடுத்த இதழில் வடக்கே போவோம். கொசஸ்தலையாறு, எண்ணூர்க் கழிமுகம், சாம்பல்.